தனசீலனின் முழங்காலும் அசனத்து வாளியும்

முழங்கால் வலி வந்தால் மனிதர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். தனசீலனுக்கு வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. ரிட்டயரான நாளிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒன்றைத்தான்.

பம்பாய் பேலார்ட் பியரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் காலமெல்லாம் குப்பை கொட்டியவர் அவர். உத்தியோகத்தில் இருந்தவரை வீட்டு வேலை அவரை அண்டியதில்லை. ரிட்டயரான மறுநாளே மனைவி ஏஞ்சலம்மாள் அவர் கையில் காய்கறிப் பையைக் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் கோதுமை டப்பா, மாவு மில். பிறகு ரேஷன் கடை, தையல் கடை என்று பட்டியல் நீண்டது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய அந்தக் கட்டடத்தில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, பெயருக்கு. அதன் கதவில், ஓடாது என்பதற்கு இந்தியில் 'பந்த்' என்று எழுதித் தொங்கும் அட்டைதான் அந்தக் கட்டடத்திலேயே லீவு போடாமல் டியூட்டி பார்க்கும் ஒரே ஆள்.

ஆகவே, ஒருநாள் படி இறங்கும்போது வலது முழங்காலுக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டதும், தனசீலன் அங்கேயே நின்று ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தார். இந்தக் 'கடக்'கைச் சும்மா விடுவதில்லை.

"ஏளா ஏஞ்சலு! காலு போச்சு!"

"எங்க போச்சு? இங்கனதான இருக்கு."

"வெளையாடாத. உள்ளுக்குள்ள தேஞ்சிபோச்சு. டாக்டரப் பாக்கணும்."

"பாப்போம். நானும் வாரேன்."

"நீ என்னத்துக்கு? அந்த டாக்டரு இந்தியில பேசுவாரு. ஒனக்கு என்ன வெளங்கும்?"

"வெளங்காட்டா நீங்க எடுத்துச் சொல்லுங்க."

ஏஞ்சலம்மாளுக்கு இந்தி தெரியாது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். கேஸ்காரன் வந்தாலும், மீட்டர் பார்க்கிறவன் வந்தாலும், "எனக்கு இந்தி தெரியாதுங்க, நீங்க பேசுங்க" என்று அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். தனசீலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருவார். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த நாள் முதல் இப்படித்தான். அதில் அவருக்குப் பெருமை வேறு.

சயான் ஸ்டேஷன் பக்கம் டாக்டர் தேஷ்முக்கின் கிளினிக். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காலை மடக்கினார், நீட்டினார், சிரித்தார்.

"குச் நஹி ஹை, அங்கிள். பைட்னே கா நஹி. சல்னே கா. சீடி சட்னே கா, தீரே தீரே."

பெரிதாக ஒன்றுமில்லை, உட்காரக் கூடாது, நடக்க வேண்டும், மெதுவாகப் படி ஏறி இறங்க வேண்டும் என்று அர்த்தம். உட்கார உட்காரத்தான் கால் இறுகிப்போகும் என்பதையும் டாக்டர் கையை மடக்கிக் காட்டினார்.

ஏஞ்சலம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்லுதாரு?"

தனசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரொம்ப சீரியஸுங்காரு. நடக்கவே கூடாதாம். படி ஏறுனா காலு மடங்கிருமாம். பூரண ஆராம், அதாவது ஓய்வு. தினமும் ஆட்டுக்கால் சூப்பு குடிக்கணுமாம்."

"அந்தச் சின்னப் பேச்சுக்குள்ள சூப்பு வரைக்கும் சொல்லிட்டாரா?"

"இந்தி சுருக்கமான பாஷளா."

ஏஞ்சலம்மாள் மரியாதையாகத் தலையாட்டினாள். தனசீலன் வெளியே வந்து செருப்பை மாட்டி, ஆட்டோ பிடித்து, ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் வந்தாள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து தனசீலனின் ராஜாங்கம் தொடங்கியது. சோபாதான் சிம்மாசனம். ரிமோட்தான் செங்கோல். சாயங்காலமானால் மிளகு தூக்கலாகப் போட்ட சூப்பு ஆவி பறக்க வரும். எலும்பை உறிஞ்சும்போது மட்டும் வலி கொஞ்சம் குறையும், கிண்ணம் காலியானதும் பழையபடி ஏறிக்கொள்ளும். சபையில் வாராவாரம் அவர் முழங்காலுக்காக விசேஷ ஜெபம் நடந்தது. பெண்கள் ஐக்கியத்தில் சிலர் உபவாசமே இருந்தார்கள். பலர் பட்டினி கிடக்க, தனசீலன் சூப்பு குடித்துக்கொண்டிருந்தார்.

மார்க்கெட்டும் மாவு மில்லும் மறுபடி ஏஞ்சலம்மாள் தலையில் விழுந்தன. பையைத் தூக்கிக்கொண்டு அவள் படி ஏறும்போது, படிக்குப் படி "ஆண்டவரே... ஆண்டவரே..." என்று சொல்வது மூன்றாவது மாடி வரை கேட்கும். வயது ஏற ஏற இவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று தனசீலன் நினைத்துக்கொண்டு டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சபையின் அசனப் பண்டிகை வரும் வரை.

அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி விருந்து. நாசரேத், சாயர்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் பெட்டியோடு கொண்டுவந்த வழக்கம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. குழம்பில் கறியும் இருக்கும், உருளைக்கிழங்கும் இருக்கும். யாருக்குக் கறி, யாருக்குக் கிழங்கு என்பதைத் தீர்மானிப்பவர் கறி வாளி பிடிப்பவர். அந்த வாளி பல வருஷங்களாகத் தனசீலன் கையில். ஆபீஸில் ஒரு பியூனைக்கூட அதட்டியறியாத தனசீலன் அன்று ஒருநாள் மட்டும் கவர்னர். பழைய பகையாளிகளும் தட்டோடு அவரை அண்ணாந்து பார்த்து, "அண்ணாச்சி, சொகமா?" என்பார்கள். கறி அடியில் தங்கும். கரண்டி அடிவரை போனால் தட்டுக்காரர் அவருக்கு வேண்டியவர். மேலாகத் தடவினால் வேண்டாதவர்.

பெண்கள் பந்திக்கு வாளி கடைசியில்தான் வரும். ஏஞ்சலம்மாளுக்கு அவர் ஒருநாளும் கறி போட்டதில்லை. "சொந்தப் பொண்டாட்டிக்குப் போட்டா ஊரு பேசும்லா?" என்பார். கணவரின் நேர்மையை ஏஞ்சலம்மாள் வருஷா வருஷம் உருளைக்கிழங்காகச் சாப்பிட்டு வந்தாள்.

பண்டிகைக்கு முந்திய வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். இளவயசுக்காரர். சாயர்புரத்திலிருந்து மாற்றலாகி வந்தது அண்மையில்தான். இந்தி ஒரு வார்த்தை வராது, வடாபாவ் வாங்கவே துணைக்கு ஆள் வேண்டும். ஜெபம் செய்து முடித்து, காப்பியைக் குடித்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, ஒங்க காலு இப்படி இருக்கதால, இந்த வருசம் கறி வாளிய ஜோஷுவாட்ட குடுத்துரலாம்னு கமிட்டியில பேசுதாவ."

தனசீலன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். ஜோஷுவாவா? ஆள் முகம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி அள்ளிப் போடும் அறிவுகெட்டவனா?

"ஐயா, எனக்குச் சரியாயிட்டு! இந்தா பாருங்க!" ஹாலைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டினார். "காலையில ஜெபம் பண்ணுனேன். வலி போன எடம் தெரியல."

"அற்புதம்லா இது!" போதகர் கண்கலங்கிவிட்டார். "ஞாயித்துக்கிழம சபையில சாட்சி சொல்லிருங்க அண்ணாச்சி."

ஏஞ்சலம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "சந்தோசம்தான் ஐயா. ஆனா கொதிக்கக் கொதிக்க உள்ள வாளி. கீழ சின்னப் பிள்ளைய உக்காந்திருக்கும். கால் மடங்கிட்டுன்னா? எதுக்கும் அந்த டாக்டரு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா நல்லது. நீங்களும் கூட வந்து ஒங்க காதாலயே கேளுங்க."

"அதுவும் சரிதான்" என்றார் போதகர்.

தனசீலன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இதைவிட வேறென்ன வேண்டும்? டாக்டர் போன தடவை சொன்னதையேதான் இந்தத் தடவையும் சொல்லப்போகிறார். போன தடவை மாற்றிச் சொன்னவர் இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். கால் குணமானதாகவும் ஆயிற்று, வாளி கிடைத்ததாகவும் ஆயிற்று.

கிளினிக்கில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சர்ச்சில் விருந்து, வாளி தூக்கிப் பரிமாற வேண்டும், தூக்கலாமா என்று தனசீலன் இந்தியில் வளைத்து வளைத்துக் கேட்டார்.

"அரே, ஜரூர் உட்டாவ்!" என்று டாக்டர் மேஜையைத் தட்டினார். "கூமோ, ஃபிரோ, சப்கோ கிலாவ்!" தாராளமாகத் தூக்குங்கள், சுற்றி வாருங்கள், எல்லோருக்கும் போடுங்கள் என்றார்.

போதகர் ஆவலாக முன்னால் சாய்ந்தார். "என்ன சொல்லுதாரு?"

தனசீலன் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வாளியத் தொடவே கூடாதுங்காரு ஐயா."

தனசீலனின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஏஞ்சலம்மாள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி, இந்தியில் மளமளவென்று ஏதோ கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது மௌசி (சித்தி), அன்று இவர் வெளியே போனபின் காட்டினீர்களே, இவரைவிட உங்களுக்குத்தான் தேய்மானம் அதிகம், ஆனாலும் நீங்கள் ஓயாமல் நடக்கிறீர்கள், அதனால்தான் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், நீங்களும்கூட வாளி தூக்கலாம் என்றார்.

"இப்ப என்ன சொல்லுதாரு?" என்றார் போதகர்.

"இவியளுக்குப் பூரண ஆராம்தானாம். கறியும் கொஞ்ச நாளைக்கு வேண்டாமாம். எனக்கு நடந்தா நல்லதாம், அதனால இந்த வருசம் வாளிய என்னையத் தூக்கச் சொல்லுதாரு."

"அந்தச் சின்னப் பேச்சுக்குள்ளயா?" தனசீலன் தன்னை மறந்து கத்திவிட்டார்.

"இந்தி சுருக்கமான பாஷல்லா" என்றாள் ஏஞ்சலம்மாள்.

பொய் என்று எழுந்து நின்று சொல்லத் தனசீலனுக்கு ஒரு நொடி போதும். ஆனால் அதற்கடுத்த நொடி போதகர் கேட்பார், அப்படியானால் போன தடவை டாக்டர் என்னதான் சொன்னார் அண்ணாச்சி என்று. சபையார் செய்த ஜெபம், பெண்கள் இருந்த உபவாசம், குடித்த சூப்பு எல்லாம் அவர் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டார்.

போதகர் விடைபெற்றுப் போனபின் இருவரும் வீட்டுப் படி ஏறினார்கள். லிஃப்டில் 'பந்த்' அட்டை டியூட்டியில் இருந்தது.

"எப்பளா இந்தி படிச்ச?"

"நாம சாளுல, அந்த ஒத்த ரூம்பு வரிசை வீட்டுல இருந்த காலத்துல தெருக் குழாய்ல தண்ணிக்கு யாரு சண்ட போட்டா? நீங்களா? சாயர்புரத்துத் தமிழ்ல சண்ட போட்டாக் கொடம் நெறையுமா?"

"பிறகு எதுக்குத் தெரியாது தெரியாதுன்ன?"

"தெரியும்னா மீட்டர்காரன்கிட்டயும் கேஸ்காரன்கிட்டயும் நானில்லா பேசணும்?"

தனசீலன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார். "ஒனக்கும் முட்டு வலின்னு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"படிக்குப் படி சொன்னேனே. ஆண்டவர்ட்ட." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாள். "நீங்கதான் டி.வி.யக் கூட்டி வச்சிய."

தனசீலனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. வாங்கியும் கொண்டார். ஆனால் மனசு முழுக்க வாளியிலேயே இருந்தது.

அசனத்தன்று பந்தியின் ஓரத்தில் தனசீலனுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நோயாளி என்று பெயர். எல்லோரும் வந்து, "நல்லா ஆராமா இருங்க அண்ணாச்சி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சேலையை இழுத்துச் செருகி, ஒரு கையில் வாளியும் ஒரு கையில் கரண்டியுமாக ஏஞ்சலம்மாள் புறப்பட்டாள். அந்த வருஷம் வாளி முதலில் பெண்கள் பந்திக்குத்தான் போனது. மெதுவாகத்தான் நடந்தாள். வரிசையின் முடிவில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடி நடந்தாள். நடக்க நடக்க அவள் கால் இலகுவானது தனசீலனுக்கே தெரிந்தது. ஒவ்வொரு தட்டிலும் கரண்டி அடிவரை போய் வந்தது. இத்தனை வருஷம் கிழங்கு தின்ற பெண்களுக்கு அசனக் குழம்பில் எலும்பும் உண்டு என்ற செய்தி அன்றுதான் எட்டியது.

கடைசியில் வாளி அவருடைய நாற்காலிக்கு முன்னால் வந்தது. தனசீலன் தட்டை நீட்டி, அண்ணாந்து பார்த்தார். அத்தனை வருஷம் எல்லோரும் அவரைப் பார்த்தது இப்படித்தான்.

"ஏஞ்சலு" என்றார் மெல்ல. "டாக்டரு என்னைய நடக்கத்தான் சொன்னாரு. படி ஏறத்தான் சொன்னாரு. சூப்புன்னு அவரு வாயால வரவே இல்ல. நாளையிலேருந்து மார்க்கெட்டு, மாவு மில்லு எல்லாத்துக்கும் நானே போறேன். ஒரே ஒரு எலும்பு போடுளா."

ஏஞ்சலம்மாள் முகம் கனிந்தது. கரண்டி வாளியின் அடிவரை போனது. தனசீலனுக்கு வாயெல்லாம் ஊறியது. கரண்டி மேலே வந்து தட்டில் கவிழ்ந்தது. உருளைக்கிழங்கு.

"மார்க்கெட்டுப் பை கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கு" என்றாள், வாளியை அடுத்த தட்டுக்கு நகர்த்திக்கொண்டே. "டாக்டரு என்ன சொன்னாரோ, எனக்கு எங்க இந்தி தெரியும்?"