ஆடித் தள்ளுபடியில் கடல்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. 'இருந்தது' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆகவே இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். பெயர் தேனப்பன். எந்தக் காரியத்தையும் செய்வதற்கு முன்னால் நன்றாக யோசிக்கிறவர் அந்தக் காட்டில் அவர் ஒருவர்தான் என்று பெயர் வாங்கியிருந்தார். யோசித்தபிறகு செய்தாரா என்று யாரும் கேட்டதில்லை. யோசிக்கவே பொழுது போதாத ஒருவரைப் பிடித்து நிறுத்தி அதையெல்லாம் கேட்பது நாகரிகம் இல்லை, பாருங்கள்.

அவருடைய மனைவி பெயர் பவளம். கல்யாணம் ஆன புதிதில், ஒரு நாள் தேனடையைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டிருந்தபோது பவளம் கேட்டாள், "என்னங்க, பவளம் கடல்லதானே விளையுமாம்? பேரை மட்டும் வச்சுட்டாங்க, நான் கடலையே பாத்ததில்ல. ஒரு தடவை கடல் பாக்கலாமா?"

தேனப்பன் விரலை நக்கிக்கொண்டே, "பாக்கலாம்," என்றார்.

வினை அங்கேதான் விளைந்தது. நம் ஊரில் 'பார்க்கலாம்' என்பதற்கு அர்த்தம் இரண்டு. ஒன்று, கட்டாயம் பார்ப்போம். இன்னொன்று, இந்தப் பேச்சை இத்தோடு விடு. பவளம் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். தேனப்பன் எதைச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

பிள்ளைகள் பிறந்தன, வளர்ந்தன, ஆளுக்கொரு குகை பார்த்துக்கொண்டு போய்விட்டன. பவளம் வருஷம் தவறாமல் கேட்டாள். தேனப்பன் வருஷம் தவறாமல் திட்டம் போட்டார்.

போகவேண்டிய இடம் தென்னந்தீவு. வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், உறைக்காத வெயில், நடுங்க வைக்காத குளிர். காட்டிலிருந்து அங்கே கூட்டிப்போகிறவர் வெள்ளைச்சாமி என்கிற கொக்கு. ஏரிக்கரையில் ஒற்றைக் காலில் நின்றபடி 'வெள்ளைச்சாமி யாத்திரை சர்வீஸ்' நடத்திவந்தார். கடற்கரைவரை காட்டெருமை வண்டி, அங்கிருந்து தீவுக்கு ஆமைப்படகு, தங்க ஓலைக்குடில், மூன்று வேளைச் சாப்பாடு. காசுக்குப் பதில் தேன் வாங்கிக்கொள்வார். கலயம் கலயமாக.

"அண்ணே, தையில போட்றலாமா? தை பொறந்தா வழி பொறக்கும்," என்பார் கொக்கு.

"வழி எனக்கு மட்டுமா பொறக்குது? ஊருக்கே பொறக்குது. அதான் நீ விலையை ஏத்தி வச்சிருக்கே," என்பார் தேனப்பன்.

"சரி, மாசி?"

"மாசிப் பனி மச்சையே துளைக்கும் தம்பி. என்னைத் துளைக்காதா?"

உடம்பு முழுக்கக் கம்பளியோடு பிறந்த ஒருவர் இதைச் சொன்னால் கொக்கு என்ன பதில் சொல்வார்? காலை மாற்றி நின்றுகொள்வார். சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு, தீவெல்லாம் குட்டிக் குரங்குகள். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தக் கூட்டம். புரட்டாசியில் தேனப்பன் கறையான் தொடமாட்டார், சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்த தேன் வீணாகிவிடும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் புயல், மார்கழியில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கி விலையை வானத்துக்கு ஏற்றிவிடும்.

"அப்ப ஆனிதாண்ணே உங்களுக்கு."

"ஆனி அடி எடாதே, கூனி குடி புகாதேன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அதுல பங்குனியும் போச்சு."

"அண்ணே, அது வீடு மாத்துறதுக்குச் சொன்னது!"

"கடலுக்குப் போறவன் வீட்ட விட்டுத்தானே போறான்?"

இப்படியாக ஒவ்வொரு வருஷமும் முடிந்தது. தேனப்பன் ஒரு தேக்கிலையில் செலவுக் கணக்கையும் அதற்குக் கீழே போகாத காரணத்தையும் எழுதுவார், பெருமூச்சு விடுவார், குகைச் சுவரின் இடுக்கில் செருகி வைப்பார். பவளம் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அடுத்த வருஷம் விலை ஏறியிருக்கும். "பாத்தியா, போன வருஷமே போயிருக்கணும்," என்று அவரே சொல்வார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொல்வார், அதுதான் வேடிக்கை.

இந்த வருஷம் நடந்தது வேறு. பக்கத்து ஆலமரத்துச் சுருளி என்கிற குரங்கு, நாள் பார்க்காமல் கணக்கும் பார்க்காமல் கொளுத்துகிற சித்திரையில் குடும்பத்தோடு தீவுக்குப் போய்விட்டு வந்தார். தவணையில் போனாராம். திரும்பி வந்து பவளத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கைப்பேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். சுருளி அலையில் நிற்கிறார். சுருளி இளநீர் குடிக்கிறார். சுருளியின் முகம் வெயிலில் சிவந்திருக்கிறது. அது எப்போதும் சிவந்துதான் இருக்கும், இருந்தாலும் பவளம் சொல்லவில்லை. அவள் கண் சுருளிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்மேல் இருந்தது.

வீட்டுக்கு வந்தாள். வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. தேனப்பனுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் கவலை வந்தது. கேட்டுக்கொண்டே இருக்கிற மனைவியைச் சமாளிக்க அவருக்குத் தெரியும், அதற்குக் கைவசம் பதினொரு மாதத்துக்குக் காரணம் இருந்தது. கேட்பதையே நிறுத்திவிட்ட மனைவியை என்ன செய்வது? 'இவளுக்கு ஆசை விட்டுப்போச்சா? அப்படி விட்டுப்போச்சுன்னா அது என்னாலதானே?' என்று நினைத்தார். நினைத்தபோது பயமாக இருந்தது.

பயந்த வேகத்தில் நேரே ஏரிக்கரைக்குப் போனார்.

"தம்பி, எது மலிவு? நெஜத்தைச் சொல்லு."

வெள்ளைச்சாமி இரண்டு காலையும் ஊன்றி நின்றார். அதுவே ஒரு அதிசயம். "அண்ணே, ஆடித் தள்ளுபடி போட்டிருக்கேன். சரிபாதி விலை. ஆடி பூரா எப்ப வேணா போகலாம், எத்தன நாள் வேணா இருக்கலாம். தீவே காலியா கெடக்கு."

"ஏன் காலியா கெடக்கு?"

"காத்து கொஞ்சம் அடிக்கும்."

பாதி விலை! தேனப்பனுக்குப் புல்லரித்தது. அத்தனை முடியும் நட்டுக்கொண்டு நின்றது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து பெரிய தேக்கிலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பவளம் எட்டிப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்கப்புறம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"போறமாங்க?"

"இரு, கணக்குப் பாத்துக்கறேன்."

எழுதினார். வண்டிக்கு இவ்வளவு. படகுக்கு இவ்வளவு. குடிலுக்கு இவ்வளவு. அவருக்கு மப்ளர். மூட்டு வலித் தைலம். அவருக்கு அந்த ஊர்த் தேன் சேராது, அதனால் இங்கிருந்தே கொண்டுபோகத் தனித் தேன், அதைச் சுமக்க ஒரு கழுதை. படகில் அவருக்குக் குமட்டினால் எலுமிச்சம்பழம். எதிர்பாராத செலவு. அதற்குக் கீழே, எதிர்பார்த்ததைவிட எதிர்பாராத செலவு. கூட்டிப் பார்த்தால் தள்ளுபடி போன இடம் தெரியவில்லை.

நேரில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அத்தனை வருஷம் காத்திருந்தவள் எதிரே நிற்கிறாள். ஆகவே அவர் காரணத்தைத் தேடினார். கைக்கு எட்டிய காரணமாக இருந்தது ஆடி.

"பவளம், எல்லாம் சரியாத்தான் வருது. ஆனா ஆடியாச்சே."

"ஆடின்னா?"

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க."

பவளம் குனிந்து தன்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அம்மி பறக்கட்டுங்க. நான் பறக்கமாட்டேன்."

அது உண்மைதான் என்று தேனப்பனுக்கும் தெரிந்தது. பேச்சை மாற்றினார். "அது மட்டுமில்ல. ஆடியில புருஷன் பொண்டாட்டி சேந்து இருக்கவே கூடாதுன்னு வழக்கம். பிரிச்சில்ல வைக்கிறாங்க! அப்படியிருக்க சேந்து பயணம் போறதாவது? குடும்பத்துக்கு ஆகுமா?"

"அது புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லீங்களா?"

"வழக்கத்துல புதுசு என்ன, பழசு என்ன? வழக்கம்னா வழக்கந்தான். என் மனசுல நீ இன்னைக்கும் புதுப்பொண்ணுதான்."

கடைசி வார்த்தையைச் சொன்னபோது தேனப்பனுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. காட்டில் இதைத்தான் கரடி விடுவது என்பார்கள். பவளம் அந்தத் தேக்கிலையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "சரிங்க," என்றாள்.

சண்டை இல்லை, அழுகை இல்லை, சரிங்க. தேனப்பன் அன்றைக்கு ரசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆடி பிறந்த காலையில் அவர் விழித்தபோது பவளம் குளித்து, முடியைப் படிய வாரி, மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு நின்றாள். வாசலில் காட்டெருமை வண்டி நின்றது. வண்டிமேல் வெள்ளைச்சாமி, எங்கோ பார்த்தபடி நின்றார்.

"எங்க கெளம்பிட்டே?"

"கடல் பாக்க."

"நேத்துத்தானே சொன்னேன், ஆடியில..."

"நீங்க சொன்னதத்தான் செய்யறேன். ஆடியில நம்ம சேந்து இருக்கக் கூடாதில்ல? பிரிஞ்சு இருக்கணும். வீட்டுல இருந்துக்கிட்டே பிரிஞ்சு இருக்க முடியுமா? அதான் நான் அங்க, நீங்க இங்க." அந்தத் தேக்கிலையை எடுத்து நீட்டினாள். "கணக்கும் நீங்க போட்டதுதான். உங்க மப்ளர் அடிச்சேன். தைலம் அடிச்சேன். தேன், கழுதை, எலுமிச்சம்பழம் அடிச்சேன்."

"எதிர்பாராத செலவு?"

"அது பூராவும் உங்களாலதாங்க வரும். அதையும் அடிச்சேன்."

தேனப்பன் இலையை வாங்கிப் பார்த்தார். மிச்சம் இருந்தது அரைக் கலயம். அத்தனை வருஷம் அவர் தேடிய கணக்கு அதுதான்! அப்படி ஒரு மலிவான பயணத்தை அவர் கனவிலும் கண்டதில்லை. தப்புக் கண்டுபிடிக்க மேலும் கீழும் பார்த்தார், ஒரு தப்பும் இல்லை. வண்டி நகர்ந்தது. பவளம் திரும்பிப் பார்த்து, "கறையானைச் சுட வச்சுச் சாப்பிடுங்க, பச்சையாத் திங்காதீங்க," என்று கத்தினாள்.

அந்த ஆடியை அவர் எப்படிக் கழித்தார் என்று கேட்காதீர்கள். கஞ்சியைக் கருக்கினார். கருகியது கஞ்சியா சட்டியா என்று தெரியாமல் இரண்டையும் சுரண்டினார். காற்று உள்ளே வந்து சுவர் இடுக்கில் இருந்த பழைய தேக்கிலைகளை எல்லாம் உருவிக் குகை முழுக்கப் பரப்பியது. பொறுக்கிப் பொறுக்கி அலுத்துப் போனார். சுருளி வேறு கிளையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி தனியாவா போனாங்க? தவணையிலயா?" என்று விசாரித்தார்.

ஒருநாள் மத்தியானம் கைப்பேசிக்குப் பவளத்திடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஆவலாகக் காதில் வைத்தார். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சிக்னல் சரியில்ல, ஒண்ணும் கேக்கல, திரும்ப அனுப்பு," என்று அனுப்பினார்.

பதில் வந்தது. "அது கடலுங்க."

தேனப்பன் மறுபடியும் போட்டுக் கேட்டார். இரைச்சல் எழுந்தது, விழுந்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி எழுந்தது. சட்டியை இறக்காமல் அப்படியே உட்கார்ந்து கேட்டார். அழுதுவிட்டார். விலை, மாதம், மூட்டு வலி ஒன்றும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அவள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அன்றைக்கும் கஞ்சி கருகிப்போனது.

ஆவணி பிறந்ததும் பவளம் வந்தாள். முடியெல்லாம் உப்பு, காதுக்குள் மணல், ஒரு சுற்று கறுத்திருந்தாள். சிரித்துக்கொண்டே வண்டியை விட்டு இறங்கினாள். அம்மிக்கு என்ன ஆனதோ, அவள் பறக்கவில்லை. தேனப்பன் ஓடிப்போய் மூட்டையை வாங்கினார். வாங்கின கையோடு, இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

"பவளம், மறுபடியும் போகலாம். ரெண்டு பேரும். இப்பவே."

"இப்ப ஆவணிங்க. முகூர்த்தக் கூட்டம்."

"அப்ப புரட்டாசி?"

"நீங்க கறையான் தொடமாட்டீங்களே."

"தொடறேன்! இல்ல, பட்டினி கெடக்கறேன். தையில? முழு விலை குடுத்துடறேன்."

"தையில வெள்ளைச்சாமி விலை ஏத்தி வச்சிருப்பாருங்க. மாசிப் பனி உங்களத் துளைச்சிரும். ஆனியில அடி எடுக்கக் கூடாது." பவளம் காதைத் தட்டி மணலைக் கொட்டினாள். கோபம் துளிகூட இல்லை அவளுக்கு. "எல்லாக் காரணமும் நீங்க எழுதி வச்சதுதான், பத்திரமா இருக்கு."

"ஆடியிலயே போவோம்! காத்து அடிச்சா அடிக்கட்டும்!"

"ஐயையோ, ஆடியிலயா? சேந்தா? நான் புதுப்பொண்ணாச்சேங்க."

வண்டிமேல் நின்ற வெள்ளைச்சாமி இருமலில் சிரிப்பை மறைத்தார். தேனப்பன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார். அதிலிருந்து உப்பு வாசனை வந்தது. "பவளம்," என்றார். "நானும் கடல் பாத்ததில்ல. என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா?"

பவளம் மனசு இளகித்தான் போனாள். அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். முகத்தை அன்பாகப் பார்த்தாள். பார்த்துச் சொன்னாள்:

"பாக்கலாம்."

அதில் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று தேனப்பன் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிப்பதில் அவரை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

நீதி: சுற்றுலாச் செலவைப் பாதியாகக் குறைக்க விரும்புவோர், செலவுக் கணக்கு எழுதியவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவும்.