டாப் கோட் அடித்த ரைடு சிம்பல்

அந்தச் சனிக்கிழமை மாலை, ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையின் ஸ்ப்ரே ரூமில் இருந்தவர்கள் இரண்டே பேர்: நானும், ஸ்ப்ரே அடிக்கும் முனாவர் பாயும். இல்லாதவர்கள்: எங்கள் சூப்பர்வைசர், மேசைமேல் கிடந்த ரைடு சிம்பலின் சொந்தக்காரரான டேவிட் அண்ணன், அப்புறம் என் புத்தி.

டிரம் செட்டில் வாசிப்பவரின் வலக்கைப் பக்கம் சாய்ந்து நிற்குமே ஒரு பெரிய வெண்கலத் தட்டு, அதுதான் ரைடு. பக்கத்தில் இருக்கும் கிராஷ் சிம்பல் ஒரே அடியில் 'பஷ்ஷ்' என்று கத்திவிட்டு ஓய்ந்துவிடும். ரைடு அப்படியல்ல. பாட்டு முழுக்கத் தட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக 'டிங்' சொல்லும். (இதையெல்லாம் வீட்டிலும் விளக்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் யாரும் குறுக்கே பேசுவதில்லை.)

டேவிட் அண்ணன் வேலூரில் நர்ஸ். எங்கள் ஊர் இசைக்குழுவின் டிரம்மர், எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர். அந்த ஞாயிறு அவருக்கு டியூட்டி. அதனால் வாணியம்பாடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன் என் தலையில் விழுந்தது. என் முதல் மேடை. சரியாக வாசித்தால் குழுவில் எனக்கும் ஓர் இடம் உண்டு.

"அழுக்கா இருக்குதுன்னு தொடைச்சிடாத. சவுண்டே அதுலதான் இருக்குது" என்று சொல்லித்தான் ரைடைக் கொடுத்தார்.

பாவம், சுத்தம் செய்ய நேரமில்லாமல் கூச்சப்பட்டுப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் லெதர் டெக்னாலஜி டிப்ளமோ. பார்ப்பது குவாலிட்டி செக்கிங். பளபளப்பு இல்லாத எதுவும் எங்கள் கண்ணுக்கு இன்னும் வேலை முடியாத சரக்கு.

"இன்னா தம்பி, தாம்பாளமா?" என்றார் முனாவர் பாய்.

"ரைடு சிம்பல், பாய். லேசா ஒரு டாப் கோட் அடிச்சிக் குடுங்க."

பாய் அதைச் சுற்றிவந்து பார்த்தார். தோலை அளந்தே பழகிய கண். "ரெண்டு ஸ்கொயர் ஃபீட்டு வரும். ரெண்டு பக்கமும் அடிச்சிடலாமா?"

"ஜாஸ்தியாவே அடிங்க பாய். ஸ்டேஜ் லைட்டுல தெரியணும்."

தோலின்மேல் பளபளப்புக்காகக் கடைசியாக அடிப்பது; ஷூ எத்தனை முறை மடங்கினாலும் வெடிக்காத, ரப்பர் மாதிரியான பூச்சு அது. காய்ந்ததும் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஈரத்துணியால் தேய்த்தேன், நிறம் ஒட்டவில்லை. நகத்தால் கீறினேன், உரியவில்லை. தோலுக்குச் செய்யும் அத்தனை பரிசோதனையும் செய்து பாஸ் போட்டேன். (அடித்துப் பார்ப்பது எங்கள் பரிசோதனைகளில் கிடையாது.)

மறுநாள் மண்டபத்தில் அம்மா முன்வரிசை. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேற, பாட்டு தொடங்கியது. நான் கம்பீரமாக ரைடுக்குப் போனேன்.

'டப்.'

சோறு நிரப்பிய டிபன் பாக்ஸைத் தட்டிய சத்தம். இன்னும் ஓங்கித் தட்டினேன். 'டப், டப்.' கீபோர்டு வாசித்த ஸ்டெல்லா அக்கா திரும்பினார்.

"இன்னாப்பா, ஸ்டாண்டைத் தட்டினு இருக்கியா?"

"ரைடுதான்க்கா."

"அப்ப ஏன் அழுவுது?"

சிம்பலை ஸ்டாண்டோடு பிடித்திருக்கும் மேல் திருகு இறுக்கமாக இருக்கும் என்று நினைத்து, ஒரு கையால் வாசித்தபடியே மறு கையால் அதைத் தளர்த்தினேன். திருகு கையோடு வந்தது. சிம்பல் சரிந்து மேடையில் விழுந்தது. சாதாரணமாக ஒரு சிம்பல் விழுந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். இது 'தொப்' என்றது. கல்யாணப் பெண்கூடத் திரும்பவில்லை. அம்மா மட்டும் பக்கத்து இருக்கைக்காரம்மாவிடம், "எம்புள்ள எவ்ளோ பதமா வாசிக்கிறான் பாரு" என்று சொன்னாராம்.

திங்கள்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாயும் நானும் பூச்சைக் கரைக்கும் தின்னரும் துணியுமாக உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வரவேண்டிய இடம், வந்ததோ ஆச்சரியம். நடுவில் இருக்கும் கூம்பைத் துடைத்துத் தட்டினேன். கோயில் மணிபோல் 'ணங்' என்றது. சரிவில் ஒரு பக்கம் துடைத்தேன். குச்சி படும் 'டிக்' முதலில் வந்தது. அதன் பின்னால் மெல்ல ஒரு 'ஷ்ஷ்' எழுந்தது. விளிம்பு வரைக்கும் துடைத்ததும் அந்த 'ஷ்ஷ்' பரவி அடுத்த 'டிக்'கையே மூடப் பார்த்தது. ஒரே தட்டுக்குள் இத்தனை பேரா?

பாய்க்கும் ஆசை வந்துவிட்டது. "இரு, இரு, இங்க தட்டு. ஆங்! இப்ப இங்க!" மணியடித்தும் இருவரும் எழவில்லை. பூச்சோடு சேர்ந்து பல வருட அழுக்கும் கருமையும் போனதை நாங்கள் கவனிக்கவேயில்லை.

சாயங்காலம் டேவிட் அண்ணன் வந்து ஒரு தட்டு தட்டினார். மறுபடி தட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"என்னுது மெதுவாப் பேசும்டா. இது இன்னா இப்பிடிக் கூவுது? தொடைக்காதன்னு சொன்னேனே!"

"தொடைக்கலைண்ணா. பூசினேன். பூசினதைத்தான் தொடைச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; ஆனால் ரைடைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "நீயே வச்சிக்க. எனக்கு வேற வாங்கிக் குடு. இது அழுக்காற வரைக்கும் வாசி, அப்புறம் மேடைக்குக் கூப்புடுறேன்."

இப்போது அது என் அறையில் தூசி படியக் காத்திருக்கிறது. துடைப்பத்தோடு வரும் அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், "யார்ரா இவனுக்கு டாப் கோட் அடிச்சது?" என்கிறார் அப்பா.

டேவிட் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்த ரைடு பன்னிரண்டாயிரம் ரூபாய். தின்னர் நூற்று எண்பது. முனாவர் பாய் கூலி வாங்க மறுத்துவிட்டார். ரெண்டு ஸ்கொயர் ஃபீட்டுக்கெல்லாம் அவர் பில் போடுவதில்லையாம்.