பென்டிரைவ் அக்காவும் இரண்டு வினாடியும்

விருத்தாசலத்தில் பாதிக் கம்ப்யூட்டர்களை இரட்டை வாழ்க்கைக்குப் பழக்கியவர் பென்டிரைவ் அக்கா. செராமிக் கம்பெனிகளுக்குப் போகும் சாலையில் அவருடைய டி.டி.பி. கடை. நான் வேலை பார்க்கும் ஃபியூஸ் கேரியர் கம்பெனியின் விலைப்பட்டியல் அங்கேதான் அச்சாகும்.

அக்காவின் கழுத்தில் கறுப்புக் கயிறு. அதில் அந்தோணியார் சுரூபம், பக்கத்திலேயே ஒரு பென்டிரைவ். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதரிடம் நன்மை அப்பம் வாங்கும்போது அது ஆடி, தட்டில் இடித்தது. பூசை முடிந்ததும் ஃபாதர் அது என்ன என்று விசாரித்தார். படுத்துக்கிடக்கிற கம்ப்யூட்டரை எழுப்புவது என்றார் அக்கா. ஃபாதர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். அக்கா அடுத்த வாரமே பங்கு அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தைக் குடிவைத்துவிட்டார். மரண அறிவிப்பு அடிக்க உட்கார்ந்த ஃபாதர் எதை அமுக்குவது என்று தெரியாமல் கடைக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும் இதே கதை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று ஓட வேண்டும் என்பது அக்காவின் கொள்கை. அப்படிச் செய்த கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும். பத்து வினாடிக்குள் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா இருந்தால் மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும்.

கடையில் இருந்ததும் அப்படி ஒரு கம்ப்யூட்டர்தான். விண்டோஸ் மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அதில் அடிப்பார். லினக்ஸ் அக்காவுக்கு. பட்டியலில் மேலே இருந்தது லினக்ஸ். அதை மாற்றச் சொல்லி மாமா வருஷக்கணக்கில் கெஞ்சினார். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ சொல்லத் திரும்புவார். அதற்குள் லினக்ஸ் வந்து உட்கார்ந்திருக்கும். மறுபடி அணைத்துப் போடுவார். டீ வந்து ஆறிப்போகும்.

வீட்டில் சண்டை என்றால் அக்கா அந்தப் பத்து வினாடியை இரண்டாகக் குறைத்துவிடுவார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்குள் போய்விடும். அவர் மூன்றாவது தடவை சுவிட்சைத் தட்டினால், என்ன சண்டை என்று டீக்கடைக்காரர் சாலையைத் தாண்டி வந்து கேட்பார். ஒரு முறை மீன் வாங்க மறந்ததற்கு ஒரு வாரம் இரண்டு வினாடி ஓடியது. மாமா எங்களிடம் குறைப்பட்டுக்கொள்வார்: "என் பக்கம் இருக்கறதெல்லாம் அவ அங்கேருந்தே பாக்கலாம். அவ பக்கம் எனக்குத் தெரியாது. கேட்டா லினக்ஸு அப்படித்தாங்கறா."

போன வருஷம் பெண்ணாடத்துக்குப் பத்திரிகைக் கட்டைக் கொடுக்கப் போன மாமா, திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

கல்லறைக்குப் போய்விட்டு வந்த மாலை, அக்கா என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"ரெண்டுல வெச்சிருந்தேன் தம்பி. அன்னிக்குக் காலையில நாலு தடவ போட்டு அணைச்சாரு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கடையைத் திறந்தபோது நானும் மாமாவின் தம்பியும் கூட இருந்தோம். அக்கா சுவிட்சைப் போட்டார். இரண்டு பெயர் வரவில்லை. நேராக விண்டோஸ் வந்து, மாமாவின் படத்தைக் காட்டி பாஸ்வேர்டு கேட்டது. மாமா கடைசியாக அணைத்தபோது விண்டோஸ் ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டு லினக்ஸை ஓரங்கட்டியிருந்தது. அந்தப் பாஸ்வேர்டை அக்கா அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

தெரிந்த பையனை வைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம், அண்ணனே இல்லை, அவர் பக்கம் எதற்கு என்றார் தம்பி. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

அக்கா கயிற்றிலிருந்து பென்டிரைவைக் கழற்றினார். "வூடு ரெண்டும் அப்படியேதான் இருக்குது. வாசல்தான் திரும்பிடுச்சு. அத நேராக்கினா போதும்."

பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, கறுப்புத் திரையில் வரி வரியாக அடித்தார். இடையில் ஒரு எழுத்து தப்பாகி நின்றது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். அணைத்துப் போட்டதும் இரண்டு பெயரும் வந்தன. பழையபடி இரண்டு வினாடிதான். சட்டென்று லினக்ஸ் திறந்துகொண்டது.

அதற்குள்ளிருந்து மாமா பக்கத்தைத் திறக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா மவுஸில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். பிறகு திறந்தார். தனக்கென்று ஏதாவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, எல்லாம் ஊராரின் வேலை. காதுகுத்துப் பத்திரிகை, கம்மாபுரத்து டியூஷன் நோட்டீஸ், எங்கள் விலைப்பட்டியல். நாங்கள் திருத்தம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மாமா ஒரு பெயர் வைத்திருக்கிறார்: 'கடைசி', 'ரொம்பக் கடைசி', 'இதுதான் கடைசி', 'சத்தியமாகக் கடைசி'.

அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். சிரித்தார். நானும் சிரித்தேன். நாலாவது பெயருக்கு வந்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மாமாவின் தம்பி எழுந்து வெளியே போய் நின்றார்.

அழுது முடித்துவிட்டு இன்னும் இரண்டு வரி அடித்தார். விண்டோஸ் மேலே போனது. இரண்டு வினாடி முப்பது ஆனது.

"எதுக்குக்கா? அதுலதான் நீங்க உள்ளயே போக முடியாதே."

"போவல. அவரு மேல இருக்கட்டும். நான் ஒரு தட்டு தட்டி என்னுதுக்கு வந்துக்கறேன்."

சில காலைகளில் அக்காவும் டீ சொல்லத் திரும்பிவிடுகிறார். மாமாவின் படம் வந்து பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். அக்கா அதைச் சற்றுப் பார்த்துவிட்டு அணைத்துப் போடுவார்.

விலைப்பட்டியலை இப்போது நானே போனில் அடித்து அனுப்பிவிட முடியும். முதலாளியும் அதைத்தான் சொல்கிறார். இருந்தும், ஏதாவது ஒரு எழுத்தைத் தப்பாக எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறேன். அக்கா என்னைத் திட்டித் திருத்துகிற அந்த அரை மணி நேரம் அவர் தனியாக இருக்க மாட்டார்.