கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு சப்வூஃபர்

“இப்பக் கேட்டுதா?” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

“கேட்டுது. பாட்டு,” என்றாள் மனைவி.

“பாட்டைச் சொல்லல. பாட்டுக்கு அடியில. கிர்ர்ர்னு.”

மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். “இல்லையே.”

மகளைக் கேட்டார். அவள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே இல்லை என்றாள். இரண்டு பேருக்கும் காது அவ்வளவுதான் என்று அவர் முடிவு கட்டினார்.

பதினெட்டு வருடமாக ஊர்க்காரர்களின் கண்ணாடிகளுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை, நல்ல ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பது. போன ஞாயிற்றுக்கிழமைதான் துணிந்தார். ஸ்பீக்கர் கடையில் இருந்த தாடிக்காரர் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுயர ஸ்பீக்கர், அலமாரி ஸ்பீக்கர் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்.

“இது தெளிவா இருக்கா சார், இல்ல அதுவா?”

தினமும் முப்பது பேருக்கு லென்ஸ் மாற்றிப் போட்டுத் தான் கேட்கிற கேள்வி தன்னிடமே திரும்பி வந்ததும் நம்மவர் திணறிப்போனார். தன் கடையில் எத்தனை பேர் திருதிருவென்று விழித்திருப்பார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

“அவசரமில்ல சார். கண்ணை மூடிட்டுக் கேளுங்க.”

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சின்ன அலமாரி ஸ்பீக்கர் இரண்டும் அடிநாதத்துக்கென்றே இருந்த எட்டங்குல சப்வூஃபர் பெட்டி ஒன்றும் சேர்ந்து பாடின. மத்தளத்தின் அடிநாதம் பாதத்தில் ஏறி நெஞ்சில் நின்றது. கண் கலங்கிவிட்டது. அங்கேயே வாங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான். “ஒரு வாரத்துக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவாங்களாமே. ஞாயித்துக்கிழமைக்குள்ள இது ஒழுங்காப் பாடினா இருக்கட்டும். அதோட நீங்க மல்லுக்கட்டிக்கிட்டே இருந்தா, போயிடணும்.”

முதல் நாளே கிர்ர்ர் ஆரம்பித்துவிட்டது.

பெட்டிக்கு அடியில் ரப்பர் பாய் போட்டார். நிற்கவில்லை. சமையலறைப் பாத்திரமாக இருக்கும் என்று ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவில் செய்தித்தாள் திணித்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதே பார்சல் பிரிக்கிற வேலையாகிவிட்டது. ஆனாலும் கிர்ர்ர்.

புதன்கிழமை, சின்னப் பெட்டி முக்குகிறது போலிருக்கிறது என்று அதைக் கொடுத்துவிட்டுப் பத்தங்குலம் வாங்கி வந்தார். கிர்ர்ர் இன்னும் கொழுத்தது.

வியாழக்கிழமை சோபாவுக்கு அடியில் புகுந்தார். புகுமுன் கண்ணாடியில் கீறல் விழக் கூடாதென்று அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். உள்ளே போனதும் சத்தம் நின்றது. “சோபாதான்,” என்று அங்கிருந்தே அறிவித்தார். மகளும் அவருமாகச் சோபாவைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். தூசியைத் தட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கேட்டார்.

கிர்ர்ர்.

தாடிக்காரருக்குப் போன் போட்டார்.

“சார், அந்தச் சத்தம் உங்களுக்கு மட்டும்தான் கேக்குதா?”

“ஆமா. வீட்ல மத்தவங்களுக்குக் காது பத்தாது.”

“அப்ப சந்தேகமே இல்ல, கண்ணாடிதான். நம்மகிட்ட வாங்கினவங்க நாலஞ்சு பேர் இதையே சொல்லியிருக்காங்க. கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேளுங்க, நின்னுடும்.”

கண்ணாடியைப் பற்றித் தனக்கு ஒருவர் பாடம் எடுக்கிற நிலைமை வந்துவிட்டதே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.

முதலில் ஷோகேஸின் கண்ணாடிக் கதவுகள் கழன்றன. வெள்ளிக்கிழமை ஜன்னல் கண்ணாடிகள். அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வந்து சப்வூஃபர் மேல் படுத்துக்கொண்டது. பெட்டி அதிர அதிர அதற்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும், விரட்டினாலும் போகவில்லை. சனிக்கிழமை குளியலறைக் கண்ணாடியும் மனைவியின் அலமாரிக் கண்ணாடியும் போய்ச் சேர்ந்தன.

“இனிமே நான் எதைப் பார்த்துத் தலை வாருறது?”

“ஒரு நாள் பொறுத்துக்கோயேன்.”

அவள் எவர்சில்வர் மூடியைப் பார்த்து வகிடு எடுத்தாள். அவர் குத்துமதிப்பாகச் சவரம் செய்துகொண்டதில் ஒரு கிருதா காதுக்கு மேலே போய்விட்டது. கடைக்கு வந்த ஓர் அம்மா, கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் சரியில்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

சனிக்கிழமை மாலை அவர் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பாட்டு நல்லாத்தாங்க இருக்கு. ஜன்னல் வழியா காத்தும் வருது. அந்தக் கிர்ர்ரை மறந்துட்டா என்ன?”

“முடியலையே. கடையில கேட்டது சொர்க்கம் மாதிரி இருந்துது. அது ஏன் நம்ம வீட்டுக்கு வரமாட்டேங்குது?”

அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. நிபந்தனை போட்டவளே, இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பார்க்கலாமா என்றாள். வேண்டாம், சொன்னால் சொன்னதுதான் என்று அவர் தாடிக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தாடிக்காரர் காலி அட்டைப்பெட்டியோடு வந்தார். கண்ணாடியில்லாத ஜன்னல்களையும், கதவில்லாத ஷோகேஸையும், மூடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த வீட்டம்மாவையும் பார்த்தார். வீடு காலி பண்ணுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“கடைசியா ஒரு தடவை போடுங்க சார், நானும் கேக்கிறேன்.”

பாட்டு ஓடியது. பூனை கண்ணை மூடிக்கொண்டது. தாடிக்காரரும் மூடிக்கொண்டார்.

“அருமையா இருக்கே.”

“கிர்ர்ர்னு கேக்கல?”

“இல்ல சார். கண்ணாடியைக் கழட்டச் சொன்னேனே, கழட்டலையா?”

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு வாரமா இதே வேலைங்க எனக்கு. ஷோகேஸ்ல கழட்டிட்டேன், ஜன்னல்ல கழட்டிட்டேன், குளியலறையில, அலமாரியில எல்லாம் கழட்டிட்டேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இந்த வீட்ல இன்னும் கழட்டாத கண்ணாடின்னு எது பாக்கி இருக்கு?”

தாடிக்காரர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் கண்ணாடிக் கடைக்காரரின் முகத்தில் பார்வையை நிறுத்தினார்.

“உங்க மூக்கு மேல இருக்கிறதுதான், சார்.”