வீட்டில் மட்டும் திறக்கும் டேட்டாபேஸ்

ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றை முடித்தவளுக்கு இருக்கும் துணிவு உலகத்தில் வேறு ஒருவருக்கும் இராது. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அம்மா பம்பலப்பிட்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணக்கு ரீச்சர். அவர் ஓய்வு பெறும் நாளில், பழைய மாணவிகள் அனுப்பிய வாழ்த்துகளைப் பெரிய திரையில் காட்டும் வெப் அப் ஒன்றைச் செய்வதாக வாக்குக் கொடுத்தேன் (யாரும் கேட்கவில்லை). ஒருத்தி நாலு வரி, ஒருத்தி நீண்ட கடிதம், இன்னொருத்தி படம். ஒவ்வொன்றையும் தனித்தாள் போல அப்படியே வைத்திருக்கும் டொக்கியூமென்ட் டேட்டாபேஸ் ஒன்றை இணையத்தில் எடுத்து, லப்டொப்பில் ஓடிய அப்பை அதனோடு இணைத்தேன். வெள்ளவத்தை வீட்டில் ஒரு சோலியும் இல்லாமல் ஓடியது.

பாடசாலை மண்டபத்தில் ஓடவில்லை. பன்னிரண்டு ஆசிரியைகளும் அதிபரும் பார்த்திருக்க, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, தொடர்பு இல்லை என்று சிவப்பில் வந்தது. லப்டொப்பை மூடித் திறந்தேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். மேசையைக்கூட நகர்த்திப் பார்த்தேன் (ஏன் என்று கேட்காதீர்கள்). அம்மா மாலையோடு முன்வரிசையில் இருந்து, எனக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வீட்டில வேலை செய்தது," என்றேன் அழுகிற குரலில்.

"அப்ப வீட்டை போவம்," என்று அம்மாவோடு படிப்பித்த பரமேஸ் ரீச்சர் கைப்பையைத் தூக்கினார்.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கூட வேலை செய்த ஒருவரையும் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, வாடகைக்கு இரண்டு அறை. வீடு சின்னது என்பதில் அவருக்கு அப்படி ஒரு வெட்கம். பஸ்ஸில் என் காதுக்குள் சொன்னார்: "இருக்கிறதுக்கு மூண்டு கதிரைதான் கிடக்கு. உடுப்பெல்லாம் ஹோலுக்க காயுது."

எல்லோரும் மூச்சிரைக்கப் படி ஏறினார்கள். காய்ந்த உடுப்பைப் பரமேஸ் ரீச்சர் மடித்து வைத்தார். அதிபர் அரிசி வாளியின் மூடிமேல் இருந்தார். அப் உடனே திறந்தது (துரோகி).

அம்மாவுக்குக் காட்ட நான் துடித்த வாழ்த்தை அதிபரே வாசித்தார். கனடாவில் இருந்து ஒருத்தி எழுதியது: 'ரீச்சர், நான் சாப்பிடாமல் வந்த நாளில் நீங்கள் தந்த நீலச் சாப்பாட்டுப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.'

அந்தப் பெட்டி என்னுடையது. தொலைத்துவிட்டேன் என்று வருடக்கணக்காகப் பேச்சு வாங்கியவளும் நான்தான். அம்மாவைப் பார்த்தேன்.

"பசியெண்டு வெளியில தெரிஞ்சால் அந்தப் பிள்ளைக்கு வெட்கம்," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுதான் உன்ர தலையில போட்டனான்."

எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. எங்கிருந்து வருபவர்களை உள்ளே விடலாம் என்று டேட்டாபேஸ் முதல் நாளே கேட்டிருக்கிறது. நான் எங்கள் வீட்டு இணைய முகவரியை மட்டும் கொடுத்திருக்கிறேன். திருத்த ஒரு நிமிடம் போதும். இப்போது டேட்டாபேஸ் திருத்துவதுதான் என் தொழில். இதை மட்டும் இன்னும் திருத்தவில்லை.

மாதத்தில் ஒருநாள் பரமேஸ் ரீச்சர் போன் எடுப்பார்: "இங்க திறக்குதில்லை ரீச்சர். வீட்டை வரட்டோ?" (அவரிடம் கம்ப்யூட்டரே இல்லை.) அம்மா உடுப்பைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போவார்.