லிசேயின் நூறாவது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த வெற்றி

சாந்தோ தொமிங்கோ,
நவம்பர் 20, 2007.

பெருமதிப்புக்குரிய அண்ணன் கிரெசென்சியோ அவர்களுக்குத் தம்பி எலிஹியோ மொந்தாஸ் எழுதிக்கொள்வது. அல்தாக்ராசியா மாதா புண்ணியத்தில் நானும் நெரெய்தாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. நியூயார்க் குளிரில் தாங்களும் அண்ணியும் விறைத்துப் போகாமலிருக்க இங்கே இரண்டு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறோம்.

நிற்க. நம் லிசே பேஸ்பால் அணிக்கு இந்த மாதம் ஏழாம் தேதி நூறு வயது நிறைந்தது. அதைக் கொண்டாட வானொலிக்காரர்கள் பேட்டை பேட்டையாக லிசே வரலாற்றில் கேள்வி பதில் போட்டி வைத்தார்கள். நம் பேட்டையில் போன சனிக்கிழமை மத்தியானம், ஒலேகாரியோவின் மளிகைக் கடை வாசலில். நம் நீல லிசேயும் பரம எதிரியான சிவப்பு அணியும் மோதும் அடுத்த ஆட்டத்துக்கு, கேட்சருக்கு நேர் பின்னால் இரண்டு இருக்கைகள் பரிசு. ஆனால் எனக்கு இருக்கையா பெரிது? இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டிக்கொண்டே ஏறுகிறவன் இறங்குகிறவன் காதிலெல்லாம் லிசே பெருமையை ஓதி 'புரொபசர்' என்று பெயர் வாங்கியவன் நான். தோற்றால் அந்தப் பெயர் போய்விடும்.

ஆகவே நாற்பது நாள் படித்தேன். நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்ததை ஆறாம் நாள் அவரைக்கொட்டைச் சூப்பில் போட்டுவிட்டேன். நெரெய்தா ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தாள். அன்றைக்கு மழை வந்தது. அவள் தாளை எடுக்க ஓட, நான் அவளுக்கு எடுக்கும் முறையைச் சொல்லிக்கொண்டே பின்னால் ஓட, வழுக்கி விழுந்ததுதான் மேலே சொன்ன முழங்கால்.

போட்டியன்று பதினொரு பேர்தான் வந்தார்கள். பன்னிரண்டு பேர் இல்லாமல் ஆரம்பிக்க முடியாது என்று வானொலிக்காரப் பையன் கையைப் பிசைந்தான். நான்தான் அண்ணா, என் வாயால் நான்தான் கத்தினேன்:

"என் பொண்டாட்டிய சேத்துக்கோ தம்பி! ஒப்புக்கு ஒக்காரட்டும்! அவளுக்குப் பந்து எது பப்பாளி எதுன்னே தெரியாது!"

கடையே சிரித்தது. நெரெய்தாவும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

முதல் கேள்வியிலேயே முடிதிருத்தும் துலியோ, லிசே பிறந்தது 1908 என்று சொல்லிக் கவிழ்ந்தான். அவனுக்கு அடுத்து இரண்டு பேர். பிறகு கரண்ட் போனது. மைக் ஊமையாகிவிட, பையன் தொண்டை கிழியக் கேள்வி கேட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் நம் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி எந்த இரண்டு அணிகளை ஒன்றாக்கினான் என்றான். "நம்மளையும் செவப்பையும்! பூனையையும் நாயையும் ஒரே சாக்குல கட்டுன மாதிரி!" என்றேன். கைதட்டல். அடுத்து நெரெய்தாவிடம், லிசே என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றான். பாவம், போகட்டும், வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவளோ, "ஆத்துப் பேரு. வடக்க சிபாவ் பக்கம் ஓடுது" என்று காய் நறுக்குகிற குரலில் சொன்னாள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் மீதி எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நாற்காலியில் இருந்தது இரண்டே பேர். இரண்டு பேரும் மொந்தாஸ்.

கடைசிக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டான். சிவப்பு அணியான எஸ்கொஹிதோ இருபத்தொன்றில் மூன்று அணிகள் சேர்ந்து உண்டானது; எந்த மூன்று? அண்ணா, அது என் நோட்டிலேயே இல்லை. மார்பை நிமிர்த்தி, "நீல ரத்தம் ஓடுற எவனும் அந்தப் பேரையெல்லாம் வாயில வச்சுக்க மாட்டான்!" என்று முழங்கினேன். விசில் பறந்தது.

"விசிலுக்கு மார்க் கெடையாது பெரியவரே" என்றான் பையன். "அம்மா, நீங்க?"

"சான் கார்லோஸ், லோஸ் முச்சாச்சோஸ், டெல்கோ லைட்" என்றாள் மூச்சு விடாமல். அதோடு நின்றாளா? "லிசேய ஜெயிக்கணும்னா மூணு டீம் ஒண்ணா சேர வேண்டியிருந்துச்சு. அதையும் எழுதிக்க" என்றாள்.

அவ்வளவுதான், கடைக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஆரவாரம். ஒருத்தனை ஜெயிக்க மூன்று பேர் கூட வேண்டும் என்றால் அந்த ஒருத்தன் எப்பேர்ப்பட்டவன்! நூறு வருடப் பெருமையை இத்தனை அழகாக நான் ஒரு நாளும் பஸ்ஸில் சொன்னதில்லை. துலியோ அவளை "புரொபசர்!" என்று கூப்பிட்டான். என் பெயர் போனது. போகட்டும், எங்கே போய்விட்டது? என் கட்டிலின் மறுபாதிவரைதான் போயிருக்கிறது. நான் அழுதேன் அண்ணா. ஒலேகாரியோ வெங்காயம் என்று சமாளித்தான். மொந்தாஸ் குடும்பத்தில் ஆண், பெண், பானை, சட்டி எல்லாமே நீலம் என்று அங்கேயுள்ள நம்மவர்களிடம் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் வாசலில் பனி விழுந்தாலும் வீட்டுக்குள் வெயிலே அடிக்கட்டும்.

அன்புத் தம்பி,
எலிஹியோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் நெரெய்தாவிடம் படித்துக் காட்டினேன். "பானை சட்டியோட நிறுத்திக்க" என்றாள். ஏன் என்றேன். "எங்கப்பா செவப்பு. நானும் செவப்புதான், எலிஹியோ. முப்பத்தோரு வருசமா நீ கேக்கல, நான் சொல்லல." எதிரியின் வரலாற்றை எதற்கடி இப்படிக் கரைத்துக் குடித்தாய் என்றேன். "நீ எங்க என்னைய தூங்க விட்ட? ராவெல்லாம் லிசே கதையத்தான சத்தமா படிச்ச" என்றாள். லிசே தோற்ற நாளிலெல்லாம் எனக்கு ஆறுதலாகத்தான் ஆட்டுக்கறி சமைக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்! ஞாயிற்றுக்கிழமை கேட்சருக்குப் பின்னால் என் பக்கத்தில் சிவப்புச் சட்டையோடு உட்காரப் போகிறாளாம். பேட்டையே பார்க்கும். அண்ணா, அந்தச் சட்டையைப் பற்றி அங்கே யாரிடமும் மூச்சு விடாதீர்கள். ஆனால் பதினொரு ஆம்பிளைகளைத் தோற்கடித்தாளே, அதை மட்டும் எல்லோரிடமும் சொல்லுங்கள்.