குதிக்காலில் இரண்டு விரல்

நாட்டின் அழகு காலிலிருந்து தொடங்குகிறது என்று தலைமையகம் கண்டுபிடித்த வருடம், நான் திருகோணமலையில் கரையோரப் பருவகால அலங்கார ஊக்குவிப்பு அலுவலகத்தின் உதவிப் பணிப்பாளராக இருந்தனான். பெயர் நீளம் என்று பயப்பட வேண்டாம், வேலை சின்னது. கோடையில் கடற்கரைக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்குச் சிப்பி மாலை, மணி வளையல், தொப்பி, செருப்பு விற்கிற பெட்டிக்கடைகளுக்கு அனுமதி கொடுப்பது. சரியாகச் சொன்னால், கொடுக்காமல் வைத்திருப்பது.

என் காலைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய கால். அன்புவழிபுரத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் இந்த அளவில் இன்னொரு கால் கிடையாது. கலியாண வீடுகளில் என் செருப்பை ஒருவரும் மாறிப் போட்டுக்கொண்டு போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேறு பெருமைப்பட என்ன இருக்கிறது?

சுற்றறிக்கை வந்தது. இவ்வருடக் கோடைக்குரிய பாதணியானது அகலப் பட்டியும் கடல்நீல நிறமும் பட்டியின் நடுவே ஒரு சிப்பியும் உடையதாய், இருபாலாருக்கும் பொதுவானதாய் இருக்கும் எனவும், அலுவலகத்துக்கு வரும் பொதுமக்கள் அதனை அணிந்திருத்தல் விரும்பத்தக்கது எனவும் அதில் இருந்தது. மேலிடம் விரும்பினால் கீழே அது கட்டாயம் என்பது சேவைக்கு வந்த நாளிலிருந்து நான் கற்ற ஒரே பாடம். ஆகவே மேற்படி பாதணி காலில் இல்லாதோர் கேற்றுக்குள் விடப்படமாட்டார் என்று கேற்றில் அறிவித்தல் போட்டேன்.

அலுவலகக் கதவில் ஏற்கெனவே என்னுடைய இன்னொரு அறிவித்தல் தொங்கியது. புதிதாக மாபிள் பதித்தபோது போட்டது: "பாதணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்." ஆக, கேற்றிலிருந்து கதவு வரைக்கும், ஒரு வேப்பமரத்து நிழல் அளவு தூரத்துக்கு, பொதுமக்கள் நவநாகரிகமாக நடந்து, அதற்குப் பிறகு வெறுங்காலோடு உள்ளே வர வேண்டும். இரண்டு அறிவித்தலும் வேறு வேறு கோப்பில் இருந்தபடியால் அவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. முன்மாதிரியாக நானும் ஒரு சோடி வாங்கி, காலையில் கதவடியில் கழற்றி வைத்துவிட்டு, பின்னேரம் போட்டுக்கொண்டு போவேன்.

குறிஞ்சாக்கேணி றுக்கியா சிப்பித் தோடும் மாலையும் செய்கிறவ. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது சீசனில் அவ போடுகிற பெட்டிக்கடையால்தான். அனுமதி இல்லாமல் கடை போட்டால் சாமானோடு தூக்கி லொறியில் ஏற்றிவிடுவார்கள். ரப்பர் செருப்போடு வந்தவவைக் காவலாளி தங்கரத்தினம் கேற்றிலேயே மறித்து, நாளைக்கு வரச் சொன்னார். அது என் வசனம். சனத்தைத் திருப்பி அனுப்பும்போது கோபப்படாமல், சிரித்த முகத்தோடு "நாளைக்கு வாங்கோ" என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு நான்தான் பயிற்சி கொடுத்தனான். றுக்கியா நாளைக்கும் வந்தா. அதற்கு அடுத்த நாளும் வந்தா. கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்க, கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா. கடலை ஒட்டி வெள்ளைக்காரர் வெறும் கழுத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒருநாள் அவ என் மேசைக்கு முன்னால் வந்து நின்றா. எனக்குப் புளுகம் தாங்கவில்லை. "பாத்தீங்களா தங்கச்சி, மனம் வைச்சால் வாங்கலாம்தானே!" என்றேன். அவ என் காலைப் பார்த்தா. அந்தச் சந்தோசத்தில் அப்பவே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சனம் வந்து குவிந்தது. கிளிவெட்டியிலிருந்து, மூதூரிலிருந்து, எல்லாரும் ஒழுங்காக. என்னுடைய நிர்வாகத் திறமையை நினைத்து எனக்கே புல்லரித்தது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. நாள் முழுக்க நான் கதிரையில் இருக்க, என்னுடைய செருப்பு ஏன் இப்படித் தேய்கிறது? பின்னேரம் போடும்போது ஏன் சூடாக இருக்கிறது? கடைக்காரன் ஏமாற்றிப்போட்டான் என்று அவனைத்தான் திட்டினேன்.

கொழும்பிலிருந்து மேற்பார்வைக் குழு வந்தது. என் யன்னலடியில் கதிரை போட்டிருந்து, வருகிறவர்களின் காலைப் பார்த்தார்கள். நூற்றுக்கு நூறு வெற்றி. குழுத் தலைவி மட்டும் நெற்றியைச் சுருக்கினா.

"எல்லாரும் ஏன் இவ்வளவு பெரிய அளவில் போட்டு இழுத்து இழுத்து நடக்கினம்?"

நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு மெலிந்த மனிசி என் செருப்புக்குள் நின்றுகொண்டு வந்தா. கதவடியில் கழற்றினா. தங்கரத்தினம் அதைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்குப் போய், அடுத்தவரின் காலடியில் மரியாதையாக வைத்தார். அப்போதுதான் ஊர் முழுவதும் எனக்குள் கால் வைத்து நடந்த விசயம் விளங்கியது. பிறகு கேட்டபோது தங்கரத்தினம் அமைதியாகச் சொன்னார்: "காலில இருக்க வேணும் எண்டுதான் எழுதியிருக்கு சேர். ஆரின்ர செருப்பு எண்டு எழுதேல்ல." என் செருப்பை முதலில் இரவல் கேட்டது றுக்கியாதானாம்.

தலைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் நூற்றுக்கு நூறு என்ன ஆகிறது?

"அது இந்தக் கரையோரத்துப் பாணி மேடம்," என்றேன். "கச்சான் காத்து குதிக்காலால போய்வரத்தான் இரண்டு விரல் இடைவெளி விடுறது."

தலைவியின் கண் கலங்கிவிட்டது. மாதிரிக்கு ஒரு சோடி வேண்டும் என்று கேட்டா. கதவடியில் கிடந்ததை அப்படியே கொடுத்தேன். இப்போது அது தலைமையகத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. அன்று நான் வெறுங்காலோடு வீடு போனேன்.

இந்த வருடக் கோடைக்குப் புதுச் சுற்றறிக்கை வந்தது. குதிக்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி, இம்முறை உத்தியோகத்தருக்கும் சேர்த்துக் கட்டாயம். கடையெல்லாம் பெரிய செருப்பு. போன வருடம் என் உத்தரவைக் கேற்றடியில் வைத்து ஏமாற்றிய அதே சனம், இந்த வருடம் ஒருவரும் கேளாமலே வாங்கிப் போட்டது. பள்ளிவாசல் படியிலும் கோயில் வாசலிலும் சரக் சரக் என்று ஒரே சத்தம். என் மனிசி கனகமணி இரண்டு தரம் விழுந்தும் கழற்றவில்லை. நடக்கிறதுக்கு வாங்கினதில்லையாம்.

ஊரில் இருக்கிற ஆகப் பெரிய அளவைத் தேடி வாங்கி, போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். தங்கரத்தினம் குனிந்து என் குதிக்காலில் விரலை வைத்துப் பார்த்தார்.

"சேர், இது உங்கட காலுக்கு அளவா இருக்கு. உள்ள விட ஏலாது."

"இதைவிடப் பெரிசு செய்யிறாங்களில்லையே, தங்கரத்தினம்."

"எனக்கு விளங்குது சேர். விரல் போகுதில்லையே."

உள்ளே, காற்றாடிக்குக் கீழே கிடந்த வாங்குப் பலகையில் றுக்கியா இருந்தா. இரண்டு விரல் இடைவெளியில் சொந்தச் செருப்பு வாங்கி, கேற்றைத் தாண்டியிருந்தா. சீசன் தொடங்கிவிட்டது. அவவின் அனுமதிப் புதுப்பிப்பு என் மேசையில், என் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. கோப்புகள் கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற அறிவித்தலும் நான் போட்டதுதான்.

அவ எழும்பி வந்து, கதவடியில் கிடந்த தன் செருப்பைக் கேற்றுக்குக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தா. பெருவிரல் மட்டும்தான் உள்ளே போனது. வரிசையில் நின்றவர்களும் ஆளாளுக்குக் கழற்றித் தந்தார்கள். போன வருடம் என் செருப்புக்குள் ஊரே நுழைந்தது. இந்த வருடம் ஊரில் ஒரு செருப்புக்குள்ளும் என் கால் நுழையவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

றுக்கியா கேற்றுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் கடைக்குச் சாமான் கட்டி வைத்திருந்த பையைத் தோளில் மாட்டினா. கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னா.

"நாளைக்கு வாங்க, சேர்."